நாற்பது பேர் வெளியேறிய பிறகு: ஓர் ஆய்விதழ் யாருக்குச் சொந்தம்?

எந்திரக் கற்றல் பக்கம் கொஞ்சமாவது எட்டிப் பார்த்தவர்கள் இரண்டு கட்டுரைகளின் பெயரைக் கட்டாயம் கேள்விப்பட்டிருப்பார்கள். ஒன்று, லியோ ப்ரைமன் எழுதிய 'ராண்டம் ஃபாரஸ்ட்ஸ்'. வெளிவந்தது 2001 அக்டோபர். இன்னொன்று, டேவிட் ப்ளை, ஆண்ட்ரூ இங், மைக்கேல் ஜோர்டன் மூவரும் எழுதிய 'லேட்டன்ட் டிரிக்லே அலொகேஷன்'. இது 2003. (கூடைப்பந்து ஜோர்டன் இல்லை, இவர் பெர்க்லி பேராசிரியர்.)

இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு கணக்கை எல்லாம் விட்டுவிட்டு முதல் பக்கத்தை மட்டும் பாருங்கள். ப்ரைமன் கட்டுரையின் தலைப்பக்கத்தில் காப்புரிமை 'க்ளூவர் அகாடமிக் பப்ளிஷர்ஸ்' என்ற பதிப்பகத்துக்கு என்று இருக்கும். கூடவே, நெதர்லாந்தில் தயாரிக்கப்பட்டது என்று ஒரு வரி, ஏதோ சைக்கிள் டைனமோ மாதிரி. இரண்டாவது கட்டுரையின் அடியில் காப்புரிமை என்ற இடத்தில் எழுதிய மூன்று பேரின் பெயர்தான் இருக்கும். பதிப்பகத்தின் பெயரே இல்லை.

ஒரே துறை, ஒரே வட்டத்து ஆட்கள், நடுவில் இரண்டு வருஷம்கூட இல்லை. இந்தச் சின்ன வரி மாறியதற்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. 'ஜர்னல் ஆஃப் மெஷின் லேர்னிங் ரிசர்ச்' என்ற ஆய்விதழ் பிறந்த கதை. சுருக்கமாக ஜேஎம்எல்ஆர்.

முதலில் பழைய இதழ்

1986-ல் 'மெஷின் லேர்னிங்' என்ற பெயரிலேயே ஓர் ஆய்விதழ் தொடங்கியது. (குழப்பம் வராமல் இருக்க, துறையை எந்திரக் கற்றல் என்றும் இதழை 'மெஷின் லேர்னிங்' என்றும் எழுதுகிறேன்.) அப்போது எந்திரக் கற்றல் என்பது செயற்கை நுண்ணறிவுக்குள் ஒரு சின்ன மூலை. அந்தச் சின்ன மூலைக்குத் தனியாக ஓர் இதழ் கிடைத்ததே பெரிய விஷயம். பேட் லாங்லி முதல் ஆசிரியர். க்ளூவர் பதிப்பகம் வெளியிட்டது.

சாதாரண இதழ் இல்லை அது. முதல் தொகுதியிலேயே ராஸ் குவின்லனின் முடிவு மரங்கள் பற்றிய கட்டுரை வந்தது. 1992-ல் கியூ-லேர்னிங், 1995-ல் சப்போர்ட் வெக்டர் பற்றிய கார்ட்டஸ்-வாப்னிக் கட்டுரை, 1996-ல் ப்ரைமனின் பேகிங். இன்றைக்கும் பாடத்திட்டத்தில் இருக்கிற பாதி சமாச்சாரம் இந்த இதழின் பக்கங்களில் வந்ததுதான். ஆக, பிரச்சினை தரத்தில் இல்லை. இது முக்கியம், ஏன்னா 'இதழ் மோசமாப் போச்சு, அதனால விட்டுட்டுப் போனாங்க' என்ற கதை இல்லை இது.

ஓர் ஆய்விதழில் யார் என்ன வேலை செய்கிறார்கள்?

இந்த உலகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் முதலில் நம்ப மாட்டார்கள். எனக்கும் இது முழுசாகப் புரிய ஒரு சில வருஷம் ஆனது.

கட்டுரை எழுதுகிறவர் ஆராய்ச்சியாளர். அவருக்குச் சம்பளம் பல்கலைக்கழகம் தருகிறது, பல சமயம் அரசாங்கப் பணம். பதிப்பகம் அவருக்கு ஒரு பைசா தராது. கட்டுரை வந்ததும் அதைப் படித்து 'இது சரியா, புதுசா, போடலாமா' என்று சொல்பவர்கள் அதே துறையின் மற்ற ஆராய்ச்சியாளர்கள். பெரும்பாலும் அவர்களுக்கும் பணம் கிடையாது. எந்தக் கட்டுரையை யாருக்கு அனுப்புவது, வந்த கருத்துகளை வைத்து என்ன முடிவெடுப்பது என்பதைப் பார்ப்பது ஆசிரியர் குழு. அவர்களும் பேராசிரியர்கள்தான், பெரும்பாலும் கௌரவப் பதவி. கணினித் துறையில் இன்னொரு கூத்தும் உண்டு. லேட்டெக் என்ற மென்பொருளை வைத்துக் கட்டுரையாளரே அச்சுக்குத் தயாராகப் பக்கம் கட்டிக் கொடுத்துவிடுவார்.

அப்போ பதிப்பகம் என்ன செய்கிறது? அச்சடித்தது, பைண்டு செய்தது, உலகம் முழுக்க நூலகங்களுக்குத் தபாலில் அனுப்பியது, சந்தாக் கணக்கு பார்த்தது. 1986-ல் இது சின்ன வேலை இல்லை. இணையம் இல்லாத காலத்தில் ஓர் அமெரிக்கக் கட்டுரை சென்னை நூலகத்துக்கு வந்து சேர இதைவிட நல்ல வழி கிடையாது. அதற்குப் பதிலாகக் காப்புரிமையைப் பதிப்பகம் வாங்கிக்கொண்டது. அந்தக் காலத்துக்கு அது நியாயமான பேரம் என்றே நான் நினைக்கிறேன்.

2000-க்கு வரும்போது பேரத்தின் ஒரு பக்கம் கரைந்துவிட்டது. கட்டுரையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை இணையம் கிட்டத்தட்ட இலவசமாகச் செய்ய ஆரம்பித்தது. ஆனால் காப்புரிமையும் சந்தாவும் அப்படியே நின்றன. 'மெஷின் லேர்னிங்' இதழைத் தடையில்லாமல் படிக்க ஒரு நிறுவனம் வருஷத்துக்கு 1,050 டாலர் கட்ட வேண்டும், தனிநபர் என்றால் 120 டாலர். அன்றைய மதிப்பில் 1,050 டாலர் என்பது ஏறக்குறைய 50,000 ரூபாய். ஒரே ஓர் இதழுக்கு. முன்பு கட்டுரையைக் கொண்டுவந்து சேர்ப்பதற்காக வாங்கிய பணம், இப்போது கட்டுரைக்கு முன்னால் கதவைப் போட்டுப் பூட்டுவதற்காக வாங்கும் பணமாக மாறிவிட்டது.

முதலில் வீடு, பிறகு வெளியேற்றம்

இந்த இடத்தில் அவர்கள் செய்தது எனக்குப் பிடித்த விஷயம். கோபப்பட்டு முதலில் ராஜினாமா செய்யவில்லை. போவதற்கு ஓர் இடத்தைக் கட்டிவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

2000-ல் லெஸ்லி கேல்ப்ளிங் என்ற எம்ஐடி பேராசிரியர் ஜேஎம்எல்ஆரைத் தொடங்கினார். ரோபோக்கள் எப்படித் திட்டமிட்டுக் கற்றுக்கொள்கின்றன என்று ஆராய்கிறவர். விதிகள் எளிமையானவை. இணையத்தில் எல்லாக் கட்டுரையும் எல்லோருக்கும் இலவசம். போடுவதற்குக் கட்டுரையாளரிடமும் காசு வாங்குவதில்லை. காப்புரிமை எழுதியவரிடமே இருக்கும். அச்சுப் பிரதி வேண்டும் என்பவர்களுக்கு எம்ஐடி பிரஸ் அச்சிட்டு விற்கும். அது அவர்கள் பாடு. இதழ் அவர்களுக்குப் பணம் தராது, அவர்களிடமிருந்து வாங்கவும் வாங்காது. 2000 அக்டோபரில் முதல் கட்டுரை வந்தது.

இந்த யோசனைக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. செயற்கை நுண்ணறிவுத் துறையிலேயே 1993-ல் 'ஜர்னல் ஆஃப் ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் ரிசர்ச்' என்ற இதழ் இணையத்தில் இலவசமாக வர ஆரம்பித்திருந்தது. அன்றைக்கு வெப் என்பதே பச்சைக் குழந்தை. ஆக, இலவச இணைய இதழை நடத்த முடியும் என்று ஏழு வருஷமாக ஓர் எடுத்துக்காட்டு கண்ணெதிரே இருந்தது.

ஒரு வருஷம் கழித்து, 2001 அக்டோபரில், 'மெஷின் லேர்னிங்' ஆசிரியர் குழுவிலிருந்து விலகிய நாற்பது பேர் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார்கள். கடிதத்தின் சாரம் இதுதான்: கட்டுரைகள் இணையத்தில் சுலபமாகப் பரவும் காலம் வந்துவிட்டது. எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் நடுவில் உள்ள பாதையைக் குறுக்கி, மூன்றாவது ஆள் ஒருவருக்கு வருமானம் உறுதிசெய்யும் ஏற்பாட்டால் எங்கள் சமூகத்துக்குப் பெரிய பலன் இல்லை. கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்குச் சரி. உலகம் முழுக்க இந்தத் துறைக்குள் வரக்கூடிய இன்னும் பெரிய கூட்டத்தை இது வெளியே நிறுத்துகிறது.

அந்தக் கடைசி வாக்கியம் நம்மைப் பற்றியது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். 50,000 ரூபாய் சந்தா கட்ட முடியாத ஊர்களில் இருந்த எல்லோரையும் பற்றியது.

கையெழுத்துப் போட்டவர்கள் பட்டியலை இன்று படித்தால் கொஞ்சம் தலை சுற்றும். மைக்கேல் ஜோர்டன், ஜெஃப்ரி ஹின்டன், யோஷுவா பெஞ்சியோ, ரிச்சர்ட் சட்டன், ஆண்ட்ரூ பார்ட்டோ, டாஃப்னி கோலர், ஸ்டூவர்ட் ரஸ்ஸல், டாம் மிட்செல். இதில் நான்கு பேர் பின்னாளில் டூரிங் விருது வாங்கினார்கள். ஹின்டனுக்கு 2024-ல் இயற்பியல் நோபல். ஆனால் 2001-ல் நியூரல் நெட்வொர்க்குக்கு அவ்வளவு மவுசு கிடையாது. பிற்காலப் பெருமையை வைத்து அன்றைய துணிச்சலை அளக்கக் கூடாது.

ஏன் எல்லோரும் ஒன்றாகப் போக வேண்டியிருந்தது?

ஓர் இளம் ஆராய்ச்சியாளரை நினைத்துப் பாருங்கள். இப்போதுதான் முனைவர் பட்டம் முடித்திருக்கிறார், வேலை தேடுகிறார். கையில் ஒரு நல்ல கட்டுரை. பதினைந்து வருஷப் பெயருள்ள இதழில் போடுவாரா, ஒரு வருஷம்கூட ஆகாத இலவச இதழில் போடுவாரா? நேர்காணலில் இருப்பவர்களுக்குப் பழைய பெயர்தான் தெரியும். கொள்கை என்னவாக இருந்தாலும் வயிறு என்று ஒன்று இருக்கிறது. அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆய்விதழ் உலகத்தின் பூட்டே இதுதான். எல்லோருக்கும் புது ஏற்பாடு நல்லது என்று தெரியும். ஆனால் தனியாக முதலில் போகிறவருக்கு நஷ்டம். அதனால் யாரும் போக மாட்டார்கள். பதிப்பகத்தின் பலம் அதன் அச்சு எந்திரத்தில் இல்லை, இந்தத் தயக்கத்தில்தான் இருக்கிறது.

நாற்பது பேரும் சேர்ந்து நகர்ந்ததால்தான் அது உடைந்தது. அவர்களில் பலர் வேலை நிரந்தரமான பேராசிரியர்கள். இழக்க அதிகம் இல்லாதவர்கள். அதைவிட, நேர்காணலில் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆட்களே அவர்கள்தான். 'இந்தப் புது இதழில் வந்தால் மதிப்பு உண்டு' என்று அவர்கள் சொன்னால் மதிப்பு வந்துவிடும். அவர்களே தங்கள் நல்ல கட்டுரைகளையும் அங்கே போட்டார்கள். ஜேஎம்எல்ஆரின் முதல் கட்டுரையே மரீனா மெய்லாவும் ஜோர்டனும் எழுதியதுதான். 2003-ல் மேலே சொன்ன 'லேட்டன்ட் டிரிக்லே', அதே தொகுதியில் பெஞ்சியோவும் மூன்று பேரும் சேர்ந்து எழுதிய நியூரல் மொழி மாதிரிக் கட்டுரை. இன்றைய பெரும் மொழி மாதிரிகளின் வம்சாவளியை மேலே தேடிக்கொண்டு போனால் அந்தக் கட்டுரையில் போய் முட்டுவீர்கள். 2008-ல் டி-எஸ்என்இ, 2011-ல் சைகிட்-லேர்ன், 2014-ல் டிராப்அவுட். இதழின் பெயரைப் பற்றி யாரும் கேட்காத நிலை வந்துவிட்டது.

இதே நேரத்தில் அல்காரிதம் துறையிலும் ஒன்று நடந்தது. 'ஜர்னல் ஆஃப் அல்காரிதம்ஸ்' இதழின் நிறுவனர்களில் ஒருவரான டொனால்ட் க்னூத், இதழின் விலை ஏறியதைக் கணக்குப் போட்டு 2003 அக்டோபரில் ஆசிரியர் குழுவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். இதழ் அப்போது எல்சேவியர் கைக்கு வந்திருந்தது. குழு மொத்தமாக ராஜினாமா செய்து, ஏசிஎம் அமைப்பின் கீழ் ஒரு புது இதழைத் தொடங்கியது. பழைய இதழ் 2009-ல் நின்றுபோனது.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். 'மெஷின் லேர்னிங்' நிற்கவில்லை. 2004-ல் க்ளூவர் ஸ்பிரிங்கருடன் இணைந்தது. இதழ் இன்றும் வருகிறது, நல்ல கட்டுரைகளும் வருகின்றன. 'கெட்டவர்கள் தோற்றார்கள்' என்று முடிக்க இது சினிமா இல்லை.

செலவு எவ்வளவு?

இலவசம் என்றால் யாரோ ஒருவர் கட்டுகிறார் என்று அர்த்தம். யார்?

2012-ல் ஹார்வர்டின் கணினிப் பேராசிரியர் ஸ்டூவர்ட் ஷீபர் இதற்குக் கணக்குக் கொடுத்தார். 2004-க்குப் பிறகு ஜேஎம்எல்ஆரின் அச்சுப் பிரதியை வெளியிடும் மைக்ரோடோம் பதிப்பகத்தை நடத்துபவர் அவர், அதனால் உள்விவரம் தெரியும். அவர் கணக்குப்படி, தொடங்கியதிலிருந்து அதுவரை வெளிவந்த கிட்டத்தட்ட 1,000 கட்டுரைகளுக்கும் சேர்த்து, தன்னார்வ உழைப்பைத் தவிர்த்த செலவு 10,000 டாலருக்கும் குறைவு. ஒரு கட்டுரைக்குச் சுமார் 10 டாலர். அதில் என்னென்ன? இணைய முகவரிக்கான கட்டணம், சர்வர் இடம், கொஞ்சம் குமாஸ்தா வேலை, வரிக் கணக்கு எழுதுகிற ஆடிட்டர். அறிவியலைப் பரப்புவதற்கு ஆகும் செலவில் ஆடிட்டருக்கும் ஒரு பங்கு என்பதைப் படித்தபோது சிரிப்பு வந்தது.

ஆனால் 'தன்னார்வ உழைப்பைத் தவிர்த்து' என்பதை வேகமாகத் தாண்டிப் போகக் கூடாது. ஆசிரியர்கள், மதிப்பாய்வாளர்கள், இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவர்கள் எல்லோருடைய நேரத்தையும் அவர்களுடைய பல்கலைக்கழகங்கள்தான் சம்பளமாகக் கட்டுகின்றன. சர்வர் எம்ஐடியில் இருக்கிறது. மொழிநடை பார்த்துத் திருத்துவதற்கு ஆள் கிடையாது; கட்டுரையாளரே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவருக்கு அது ஒரு சுமைதான். லேட்டெக் தெரியாத துறைகளில் இந்த 10 டாலர் கணக்கு அப்படியே பொருந்தாது.

சரி, ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த உழைப்பு பழைய ஏற்பாட்டிலும் பெரும்பாலும் இலவசமாகத்தான் போனது. அங்கே இலவச உழைப்புக்கு மேல் 1,050 டாலர். இங்கே இலவச உழைப்புக்கு மேல் 10 டாலர். ஷீபர் கணக்கின் உண்மையான அர்த்தம் அதுதான்.

அதற்குப் பிறகு

2007-ல் ஜேஎம்எல்ஆர் மாநாட்டுக் கட்டுரைத் தொகுப்புகளையும் இதே பாணியில் வெளியிட ஆரம்பித்தது. எந்திரக் கற்றலில் மாநாடுகள்தான் பிரதானம் என்பதால் இது இதழைவிடப் பெரிய காரியமாக ஆனது. 2018-ல் ஸ்பிரிங்கர் நேச்சர் 'நேச்சர் மெஷின் இன்டெலிஜென்ஸ்' என்று ஒரு சந்தா இதழை அறிவித்தபோது, 'அதற்கு எழுத மாட்டோம், மதிப்பாய்வும் செய்ய மாட்டோம்' என்று டாம் டீட்டரிக் முன்னெடுத்த அறிக்கையில் 3,000-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். டீட்டரிக் 2001 கடிதத்திலும் இருந்தவர். அந்த இதழ் 2019 ஜனவரியில் வந்தது, இப்போதும் வருகிறது. ஆனால் நாற்பது, மூவாயிரம் ஆனது.

2022-ல் ஜேஎம்எல்ஆர் குடும்பத்திலிருந்து 'டிரான்சாக்ஷன்ஸ் ஆன் மெஷின் லேர்னிங் ரிசர்ச்' என்ற இன்னோர் இதழ் வந்தது. இது 'எவ்வளவு புதுசு' என்று கேட்பதைவிட, 'சொல்கிற கூற்றுக்குப் போதிய ஆதாரம் இருக்கிறதா, துறையில் யாருக்காவது இது பயன்படுமா' என்று கேட்கிறது. மதிப்பாய்வும் எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கிறது. இதழ் தங்கள் கையில் இருந்தால் விதிகளையும் தாங்களே மாற்றிப் பார்க்கலாம். அதற்கு எந்தப் பதிப்பகத்தின் அனுமதியும் தேவையில்லை.

நம் ஊர் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பரில் இந்திய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் கிட்டத்தட்ட 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கும். ஸ்பிரிங்கர் நேச்சரும் அதில் உண்டு. சின்ன ஊர் அரசுக் கல்லூரி மாணவருக்கு இது உண்மையிலேயே நல்ல செய்தி, அதை நான் மறுக்கவில்லை. தனியார் கல்லூரி மாணவருக்கும், எந்தக் கல்லூரியிலும் இல்லாமல் தானாகப் படிப்பவருக்கும் கதவு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. ஜேஎம்எல்ஆரைத் திறக்க இவர்கள் யாருக்கும் எந்தத் திட்டமும் வேண்டியதில்லை.

'மெஷின் லேர்னிங்' என்ற பெயர் சட்டப்படி பதிப்பகத்துடையது. நாற்பது பேரால் அதை எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. அந்தப் பெயருக்குள் இருந்த நம்பிக்கை, யார் படித்துச் சரி சொன்னார்கள் என்பதிலிருந்து வந்தது. அது அவர்களுடனேயே போனது. இந்த முறை பெயரையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று இதழின் பெயரிலேயே லாபநோக்கமற்ற ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்துகொண்டார்கள். ஆடிட்டர் செலவு அதனால் வந்ததுதான்.